வெள்ளைத் துணியில் வெள்ளைப் புறாக்கள்

ஹால் நிறைய ஜனம். அத்தனை பேரும் மேடைக்குப் பின்னால் தொங்கிய ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரிப்பில் ஒன்றுமே இல்லை.

செக்ரட்டரி சார் அப்போதுதான் மைக்கில் அறிவித்திருந்தார்: "அடுத்ததாக, நம் ஞாயிறு வகுப்புக் குழந்தைகளின் கைவண்ணத்தில் சமாதானப் புறாக்கள்!" என் சிநேகிதி ஸ்டெல்லா, முன்னால் மறைத்துக் கட்டியிருந்த சேலையைச் சர்ரென்று இழுத்தாள். முன்வரிசையில் கைதட்டல் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்திலேயே நின்றும் போனது.

"எங்கேப்பா புறா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பறந்துடுச்சு போல."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

போன வாரம் இதே பக்கத்தில் எங்கள் கடைப் பூனையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் எல்லாமே சிரிப்பாகத்தான் நடக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா தாயே, நடக்கும்போது ஒன்றுமே சிரிப்பாக இல்லை. இதையும் கேளுங்கள்.

மாடி அறை

ஜீவனஹள்ளியில், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற எங்கள் தெருவின் முனையில், தெருக்காரர்களின் சங்கக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே ஹால், மேலே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மாடி அறையில் நானும் ஸ்டெல்லாவும் தெருக் குழந்தைகளுக்குப் படம் வரையவும் காகிதத்தில் பொம்மை செய்யவும் சொல்லித்தருகிறோம். ஸ்டெல்லா விவேக் நகர்க்காரி, தையல் கடை வைத்திருக்கிறாள். காலைப் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். நான் ஒரு பெயின்ட் கடையில், கலர் கலந்து கொடுக்கும் கவுன்டரில் வேலை செய்கிறேன்.

இந்தக் குழந்தைகளின் வீடெல்லாம் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்குவார், அம்மா துணி துவைப்பாள், டிவி ஓடும். குழந்தை எங்கே போய்க் காலை நீட்டி உட்காரும்? அந்த மாடி அறையில்தான். என் மகளைக் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு எனக்கும் போக்கிடம் அதுதான். மற்ற ஆறு நாளும் நான் வேலைக்குப் போனதே ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டுதான். அந்த அறை மட்டும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

இந்த விழாவுக்கு முந்தின வருஷம் குழந்தைகள் காகிதத் தோரணம் செய்து மாடிக் கைப்பிடியில் கட்டினார்கள். எங்களிடம் இருந்தது சிவப்புக் காகிதமும் மஞ்சள் காகிதமும்தான். சிவப்பு மேலே, மஞ்சள் கீழே. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். மஞ்சள் மேலேயும் சிவப்பு கீழேயும் இருந்தால் அது கன்னடக் கொடி. நாங்கள் அதைத் தலைகீழாக, அதுவும் தெரு பார்க்க, அழகாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்!

பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் செக்ரட்டரியிடம் வந்து, கொடி தலைகீழாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாங்கள் ஓடிப்போய்த் தோரணத்தைக் கழற்றினோம். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆனால் செக்ரட்டரி மூர்த்தி சாருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷர். மைசூர் சர்க்கார் வேலைக்கென்று அந்தக் காலத்தில் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கம்ப்ளைன்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் அவருக்குக் கை கால் உதறும்.

"நோடி, பாருங்க மல்லிகாம்மா," என்றார் என்னிடம். "ரூம் குடுத்திருக்கறது கொழந்தைங்களுக்காக. அதனால யாருக்கும் பேஜார் ஆகக் கூடாது. இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சு, பூட்டு போட்டுடுவேன். ஆமேலே, அப்புறம், என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஆண்டு விழாவுக்குக் குழந்தைகள் என்ன செய்யலாம் என்று கேட்டபோதும் அவரே யோசித்துச் சொன்னார். "சமாதானம்னு வைங்க. அதுல யார் என்ன சொல்ல முடியும்?"

நானும் அதைத்தான் நினைத்தேன்.

கவுன்டரில் வந்த வியாதி

பெயின்ட் கவுன்டரில் இருபது வருஷமாக நிற்கிறவளுக்கு ஒரு வியாதி வந்துவிடும். கலரைப் பார்த்ததும் ஆள் தெரியும்.

வெளிச்சுவருக்கு இன்ன கலர் வேண்டும் என்று போனில் சொன்னாலே போதும். வீட்டுக்காரர் எந்தச் சாமி கும்பிடுகிறார், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார், மாமனார் உயிரோடிருக்கிறாரா என்பதுவரை சொல்லிவிடுவேன். பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

வேடிக்கையான ஜனங்கள் வருவார்கள். புடவையைக் கொண்டுவந்து, "முந்தானையில இருக்கற இந்தக் கலர் வேணும்" என்பார்கள். ஒருத்தர் மாம்பழத்தையே கொண்டுவந்தார். கலர் சரியாக வராமல் அவரை மறுநாள் வரச் சொன்னோம். மறுநாள் அதே பழத்தோடு வந்தார், அது பழுத்து வேறு கலராகிவிட்டிருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்த வீட்டுக்கு ஆளுக்கொரு கலர் வாங்கிப்போனார்கள். போய்ப் பார்த்தால் நடு ஜன்னலில் பாதி பிஸ்தா, பாதி ரோஸ்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, கலர் என்றாலே அது யாராவது ஒருத்தருக்குச் சொந்தம், தொட்டால் வம்பு என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

அப்பாவின் போர்டு

வியாதி முழுக்கக் கடையில் வந்தது என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் பரம்பரை.

என் அப்பா காக்ஸ் டவுன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். தமிழில்தான் போர்டு. ஆற்றுத் தண்ணீருக்காக ஊர் கொதித்துப்போயிருந்த ஒரு வருஷம், அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. போர்டைக் கழற்றினால் பயந்துவிட்டான் என்பார்கள், விட்டுவைத்தால் உடைப்பார்கள். ரொம்ப யோசித்து, அம்மாவின் நல்ல புடவை ஒன்றை நனைத்து, காயப்போடுகிற மாதிரி போர்டின் மேல் விரித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஊர் அடங்கியது. போர்டை யாரும் தொடவில்லை. புடவையைத்தான் யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா ரொம்ப நாள் அப்பாவோடு பேசவில்லை. எனக்கு அப்போது சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் அப்பா அந்த இரண்டு நாளும் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் வளர்ந்து அதே மாதிரி வாசலைப் பார்க்கிற ஆளாகத்தான் ஆனேன்.

இலை வேண்டாம், கண்ணும் வேண்டாம்

கைப் புறா செய்வது சுலபம். குழந்தையின் உள்ளங்கையில் பஞ்சால் பெயின்ட் தடவ வேண்டும். நாலு விரலையும் சேர்த்து, கட்டைவிரலை மட்டும் தள்ளி, துணியில் அழுத்தி எடுக்க வேண்டும். கட்டைவிரல் புறாவின் தலையாகிவிடும், நாலு விரலும் வாலாகிவிடும். ஒரு கண் வைத்து, வாயில் ஒரு இலை கொடுத்தால் சமாதானம் தயார். தண்ணீரில் கழுவினால் போகிற பெயின்ட்தான், பயமில்லை.

தப்பாகக் கலந்து விற்காமல் நின்றுபோன டப்பாக்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். விழா அன்று காலை, குழந்தைகள் வருவதற்குள், நானும் ஸ்டெல்லாவும் அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"முதல்ல காவி கலரைத் தூக்கி அந்தப் பக்கம் வை," என்றேன். "சாயங்காலம் எல்லாரும் வருவாங்க. எதுக்கு வம்பு?"

வைத்தாள்.

"பச்சையையும் வை. காவி இல்லாம பச்சை மட்டும் இருந்தா அது வேற பேச்சாயிடும்."

வைத்தாள்.

"நீலம்?" என்றாள் அவளே.

"நம்ம கிளாஸ் கௌதம் வீட்டு வாசல்ல பறக்கற கட்சிக் கொடி நீலம். சிவப்பையும் மஞ்சளையும் நினைச்சுக்கூடப் பாக்காதே."

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, இலைக்கு? இலைகூட பச்சையா இருக்கக் கூடாதா?"

"இலை வேண்டாம்."

"கண்ணு கறுப்பு."

"கறுப்புக் கொடி காட்டற மாதிரின்னு எவனாவது கிளம்புவான். கண்ணும் வேண்டாம்."

"கண்ணில்லாத புறா, இலையில்லாத வாய்," என்றாள் ஸ்டெல்லா. "சமாதானம் ரொம்ப நல்லாருக்கும்டீ, மல்லிகா."

பின்னணிக்குச் சந்தனக் கலர் பூசலாம் என்று ஒரு யோசனை இருந்தது. சந்தனமும் யாருடையதோ என்று தோன்ற, அதையும் விட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒரு டப்பா வெள்ளை. துணியும் வெள்ளை.

குழந்தைகள் வந்ததும் கலவரம். சலீம் பாயின் மகள் ஆயிஷாவுக்கு ஆரஞ்சு வேண்டுமாம். வனஜாவின் மகள் கீர்த்திக்குப் பச்சைதான் வேண்டுமாம். "இன்னைக்கு வெள்ளை மட்டும்தான். புறா வெள்ளையாத்தான் இருக்கும்," என்று அடித்துச் சொன்னேன்.

"எங்க வீட்டுக் கூரை ஷீட் மேல உக்கார்ற புறா எல்லாம் சாம்பல் கலரு மிஸ்," என்றான் கௌதம்.

"அது வேற புறா. கையை நீட்டு."

ஈரத்தில் புறாக்கள் பளபளவென்று நன்றாகத் தெரிந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. விரிப்பை அப்படியே கீழே ஹாலில் தொங்கவிட்டு, முன்னால் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு வந்துவிட்டோம். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் வேறு கலர் என்று கடையில் வருகிற போகிற எல்லோருக்கும் சொல்பவள் நான். சாயங்காலத்துக்குள் துணி காய்ந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடியும் ஹால்

இப்போது ஹாலுக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கிவிட்டது. செக்ரட்டரி சார் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். ரூம் போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்போது வனஜா எழுந்து வந்தாள். நான் யாருக்காவது பயந்தேன் என்றால் அது வனஜாவுக்குத்தான். கார்மென்ட் ஃபேக்டரியில் வேலை, தெருவில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அவள் புருஷன்தான் பிள்ளையார் பண்டிகைக்குத் தெரு முழுக்கக் காவித் துணி கட்டுகிறவர்.

நேராக விரிப்பின் அருகில் போய், விரலால் தடவிப் பார்த்தாள். "இங்க என்னமோ கீது," என்றாள். பிறகு திரும்பி, "கீர்த்தி, எதுடீ உன் கை?"

கீர்த்தி ஓடிவந்தாள். தடவித் தடவி, ஒரு இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. அதைப் பார்த்ததும் மற்ற குழந்தைகளும் ஓடிவந்து, என்னுது இது, உன்னுது அது என்று ஆளுக்கொரு இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பெற்றவர்கள் எல்லோரும் எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள்.

"இன்னா மிஸ் இது?" என்றாள் வனஜா. "பெயின்ட் கடையிலதானே வேலை செய்றீங்க? கலருக்கா பஞ்சம்? சனிக்கிழமையிலருந்து எம் பொண்ணு புறா புறான்னு சோறு துன்னல. கண்ணுக்கே தெரியாத புறாவுக்கா?"

ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் பயந்துகிட்டுதான்!" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "பச்சை வச்சா இவங்க ஏதாவது சொல்வாங்க, காவி வச்சா அவங்க சொல்வாங்க, நீலம் வச்சா இன்னொருத்தர் சொல்வாங்க, கம்ப்ளைன்ட் ஆச்சுன்னா மேல ரூமைப் பூட்டிடுவாங்கன்னு, ஒவ்வொரு கலரா எடுத்து மூலையில வச்சுட்டா இவ. இலைக்குக்கூடப் பச்சை குடுக்கல."

அடிப்பாவி, என்னைக் கொன்றுவிட்டாளே என்று நினைத்தேன்.

முதலில் பேசியது சலீம் பாய். ஆட்டோ ஓட்டுகிறவர், தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"க்யா மிஸ்," என்றார் மெல்ல. "நம்மளுக்கா பயந்தீங்க? எம் மூஞ்சியப் பாத்தா அப்படியா இருக்கு?"

அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய மகளின் கையைப் பிடித்து எத்தனை ஞாயிறு பெயின்ட் கழுவிவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷரைப் பார்த்து இவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க பாய்," என்றேன்.

"அவரை வுடுங்க," என்றாள் வனஜா. "அந்த டப்பாங்க எங்க?"

கலர் தேர்ந்தெடுத்தது

டப்பாக்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தன. மேடை மேல் வரிசையாகத் திறந்து வைத்தோம். குழந்தைகளைக் கேட்கவா வேண்டும்?

கீர்த்தி நேராகப் பச்சையில் கையை விட்டாள். நான் வனஜாவின் முகத்தைப் பார்த்தேன். பழக்கதோஷம், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்டீ பச்சை?" என்றாள் வனஜா.

"ஆயிஷா அப்பா ஆட்டோ பச்சைதானே? அதுலதானே நான் ஸ்கூலுக்குப் போறேன்?"

ஆயிஷா ஆரஞ்சு எடுத்தாள். காலையில் காவி என்று மூலைக்குப் போன டப்பாவுக்கு அவள் வைத்திருந்த பெயர் ஐஸ் கலர். குச்சி ஐஸ் சாப்பிட்டால் நாக்கு அந்தக் கலரில்தான் ஆகுமாம். நாக்கை நீட்டிக்கூடக் காட்டினாள்.

அன்றைக்கு உண்மையாகவே ஒரு சண்டை நடந்தது என்றால், அது கௌதம் வீட்டுச் சண்டை. அவன் எடுத்தது ரோஸ். அவன் அப்பா மணி, கொடி பறக்கிற வீட்டுக்காரர், பதறிப்போய்விட்டார்.

"டேய், ஆம்பளப் பையன் ரோஸ் வெக்கறானாடா? நீலம் வைடா, எவ்ளோ அழகா இருக்கு!"

"ரோஸ்தான் வேணும்."

"ஏண்டா?"

"நல்லா இருக்கு."

இதற்கு மேல் என்ன பேச முடியும்? மணி தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வெள்ளை விரிப்பு நிரம்பிவிட்டது. சிவப்பு மேலே, மஞ்சள் கீழே, மஞ்சள் மேலே, சிவப்பு கீழே, எல்லாமும் இருந்தது. இலைகளை வனஜாவே வைத்தாள், ஒவ்வொரு வாயிலும் இரண்டு இரண்டு.

மூர்த்தி சார் இத்தனை நேரமும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. ஒரு தடவை கனைத்துக்கொண்டார்.

"யாருக்காவது கம்ப்ளைன்ட் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"எனக்கு இருக்கு சார்," என்றாள் வனஜா. "பெரிய கம்ப்ளைன்ட். கொழந்தைங்களுக்குக் காலையிலயே கலர் குடுக்கல. எழுதிக்குங்க."

சார் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். பிறகு மைக்கிலேயே சொன்னார்: "இந்தக் கம்ப்ளைன்ட்டுக்கு ரூமைப் பூட்டறதுக்கு ஆகாது. தெறந்துதான் வைக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. பன்னி, பன்னி, எல்லாரும் பன்னி." கன்னடத்திலும் வாங்க வாங்க என்று அழைக்கிறாராம். கைதட்டல் இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை.

நான் ஒரு மூலையில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆயிஷா வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், உங்க கை எங்க? நீங்களும் வைங்க. என்ன கலர்?"

நான் டப்பாக்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் யாருடையது என்று சட்டென்று தெரிந்தது. எனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஊருக்கெல்லாம் கலர் கலந்து கொடுத்திருக்கிறேன், என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"உங்களுக்குப் புடிச்சதைச் சொல்லுங்க மிஸ்," என்றார் சலீம் பாய். "இங்க யாரும் கோச்சுக்க மாட்டோம்."

"வாடாமல்லி," என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஆனால் சொன்னதும் அதுதான் என்று தெரிந்தது.

வாடாமல்லிக் கலரில் டப்பா இல்லை. கௌதம் தன் ரோஸைக் கொண்டுவந்தான். மணி நீலத்தை எடுத்து ஊற்றினார். கீர்த்தி குச்சியால் கலக்கினாள், பச்சை ஒட்டியிருந்த கையோடு. கடைசியில் வந்தது வாடாமல்லி இல்லை, வதங்கின கத்திரிக்காய்க் கலர்.

"நல்லாருக்கா மிஸ்?"

"பிரமாதமா இருக்கு," என்றேன்.

கையை முழுக்க நனைத்து, குழந்தைகளின் புறாக்களுக்கு நடுவே கிடைத்த இடத்தில் வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகு, யார் முகம் எப்படி இருக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.